கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள்

கீழ்வீட்டு வாசலில் செருப்பு, ஷூ எதுவும் இல்லை. உள்ளே ஆள் இல்லை என்று அதை வைத்துத்தான் முடிவு செய்தேன். யாரும் திரும்பி வந்து நுழையாதபடி என் பூட்டைக் கொண்டுவந்து போட்டேன். இன்றைக்கு விட்டால் ஆகாது. மகள் அருணா புருஷனை விட்டுவிட்டு, சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். மேலே நானும் என் பெண்டாட்டி சரோஜம்மாளும் இருப்பது ஒற்றை அறை. அவளை அங்கே எங்கே படுக்க வைப்பது?

ஹரீஷ்குமார் என்ற பையனுக்குத்தான் வீட்டைக் கொடுத்தேன். கல்யாணம் ஆகப்போகிறது, பெண்டாட்டி வருவாள் என்றான். பெண்டாட்டி வரவில்லை. கம்பெனிப் பையன்கள் வந்தார்கள். ஒருத்தன் பகல் ஷிப்டுக்குக் கிளம்பினால், இன்னொருத்தன் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து அதே பாயில் படுப்பான். எங்கள் மத்திகிரியில் பாதி வீடுகளில் இப்படித்தான். ஹரீஷ் எப்போதோ சூளகிரிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். போன் போட்டால், "பசங்ககிட்ட சொல்லிடுங்க தாத்தா" என்பான். பசங்களிடம் சொன்னால், "ஹரீஷ் அண்ணனைக் கேளுங்க" என்பார்கள். காலி பண்ணு என்று நான் திட்டிய பையன் அடுத்த வாரம் இருக்கமாட்டான். புதிதாக நிற்கிறவன், எனக்கு யாரும் சொல்லவில்லையே என்பான். அவன் முழிப்பது பொய் மாதிரியும் இல்லை. நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் ஒரே ஆள் வேண்டுமே.

டெம்போ வந்து நின்றது. அருணா இறங்குவதற்குள் கீழ்வீட்டுக் கதவு உள்ளேயிருந்து தடதடவென்று ஆடியது.

"யாருவே வெளிய பூட்டுனது? தொறங்க!"

"நீ யார்ரா உள்ள?"

"மாடசாமி. நேத்துதான் வந்தேன். நைட் ஷிப்டு பாத்துட்டுப் படுத்திருக்கேன். நீங்க யாரு?"

"ஊட்டுக்காரன்டா!"

"ஹரீஷ் அண்ணன்லா வீட்டுக்காரரு?"

டெம்போக்காரன் சிரித்துவிட்டான். "பெரியவரே, உங்க ஊட்டுக்கு நீங்களே புதுசா?"

"வாசல்ல செருப்ப காணமேடா?" என்று கதவைப் பார்த்துக் கத்தினேன்.

"நாய் தூக்கிட்டுப் போவுதுன்னு உள்ள வச்சிருக்கேன் தாத்தா. தொறங்க, ஒண்ணுக்கு முட்டுது."

திறந்தேன். கைலியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கக்கூசுக்கு ஓடினான். திரும்பி வந்ததும், "இப்பவே காலி பண்ணு. என் பொண்ணு வந்துட்டா" என்றேன்.

அவன் அருணாவைப் பார்த்தான். அழுது வீங்கிய முகம். டெம்போவிலிருந்த சாமான்களைப் பார்த்தான். போய் பீரோவின் அடிப்பக்கத்தைப் பிடித்தான்.

"எங்க வைக்கணும்க்கா?"

அவள் கைகாட்டினாள். கட்டில், மிக்சி, குடம், துணி மூட்டை எல்லாம் உள்ளே போயின. அவனை வெளியே தள்ளவேண்டும் என்று நின்றவன், கட்டிலின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். சரோஜம்மாள் மேலேயிருந்து டீ கொண்டுவந்தாள். அவனுக்கும் ஒரு டம்ளர். இவளுக்கு என்ன வந்தது?

குடித்துவிட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பாயை இழுத்துப் போட்டான். "கொஞ்ச நேரம்யா. பொறவு போயிருதேன்." எங்கே போவாய் என்று நான் கேட்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

"யாருப்பா இது?" என்றாள் அருணா.

பீரோக் கண்ணாடியில் அவனுடைய உள்ளங்கால்கள் தெரிந்தன. தலையணையைக் கட்டிக்கொண்டு அருணா நின்றாள். அவளுக்குப் பின்னால், வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவன் மாதிரி, வாசலில் நான்.