புல் வேறு, களை வேறு

வைரக்கண்ணு முதலில் சந்தோஷப்பட்டுவிட்டார். அதுதான் கொடுமை.

பாபநாசம் கடைத்தெருவில் அந்த வருஷம் புதிதாகத் திறந்திருந்த இன்டர்நெட் சென்டரில், அமெரிக்காவிலிருந்து வந்த மெயிலை சென்டர் நடத்தும் ரெஜின் உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். "ஃபுல் ஆஃப் வீட்" என்ற இடம் வந்ததும் வைரக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வீடு நெறைய இருக்குன்னா நல்லதுதானே தம்பி!"

பக்கத்தில் நின்ற மகள் மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. ரெஜினுக்கு வரவில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். மேகலாவுக்கு இருபத்தாறு வயது. கும்பகோணத்தில் பாட்டனி படித்தவள். இரண்டு வரன் கூடிவருவதுபோல வந்து தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தவன் தமிழரசன். திருவையாற்றுப் பையன், ஒஹையோவில் கம்ப்யூட்டர் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, "எனக்கு சமைக்கத் தெரியும். ஆனா நல்லா இருக்காது" என்று அவளிடம் சொன்னான். இப்படித் தன் குறையைத் தானே சொல்லிக்கொள்கிற மாப்பிள்ளையை அவள் கேள்விப்பட்டதுகூட இல்லை. அன்றைக்கே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு.

உள்ளூர் மாப்பிள்ளை என்றால் டீக்கடையில் விசாரித்துவிடலாம். ஒஹையோவில் எந்த டீக்கடைக்குப் போவது? சகாயராஜ் வாத்தியாரின் மச்சினர் அதே ஊரில் இருந்தார். அவரை விசாரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். மனுஷர் தந்தி அடித்தே பழகியவர் போலிருக்கிறது. மெயிலையும் தந்தி மாதிரியே அனுப்பியிருந்தார்: குட் பாய். நோ டிரிங்க்ஸ். நோ சிகரெட். கிராஸ் வெரி ஹை. ஃபுல் ஆஃப் வீட். சிட்டி நோட்டீஸ் கேம் டூ டைம்ஸ்.

"அய்யா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் ரெஜின். அவன் பெங்களூர் ஹாஸ்டலில் மூன்று வருஷம் இருந்தவன். அங்கே பாடம் படித்தானோ இல்லையோ, இங்கிலீஷ் பேச்சு வழக்கை மட்டும் கரைத்துக் குடித்திருந்தான். "கிராஸ்னா அங்க கஞ்சா. வீட்னாலும் கஞ்சாதான். ஹைன்னா போதை. நோட்டீஸ் வந்துருக்குன்னா, போலீசு வரைக்கும் போயிருக்கு."

வைரக்கண்ணு எழுந்துவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வழி முழுக்க நடந்தேதான் வந்தார், ஏறவில்லை. வீட்டு வாசலில் வைத்து ஒரே வார்த்தை சொன்னார்.

"நாளைக்குக் காலைல ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

"வாத்தியார்கிட்ட இன்னொரு தடவ கேட்டு எழுதச் சொல்லலாமேப்பா?"

"எப்படிக் கேக்கறது? பையன் கஞ்சா அடிக்கிறானான்னா? அடிச்சாலும் அடிக்காட்டியும் அந்தப் பேச்சு ஊரு பூரா சுத்திரும். அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

அதில் நியாயம் இருந்ததுதான் மேகலாவுக்கு எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அழுகையும் வரவில்லை. அவளுக்குள் ஒரு சந்தேகம் கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. ரெஜின் சொல்வதுபோல இரண்டும் கஞ்சா என்றால், மச்சினர் எழுதியதற்கு என்ன அர்த்தம்? கஞ்சா ரொம்பப் போதை, அதில் நிறையக் கஞ்சா. உளறல். ஒன்றுக்குள் அதுவே எப்படி நிறைந்திருக்கும்? எழுத்தை எண்ணி எழுதுகிற மனுஷர் ஒரே சரக்குக்கு இரண்டு வார்த்தையைச் செலவழிப்பாரா?

பாட்டனி புத்தகத்தில் வீட் என்றால் களை. கிராஸ் என்றால் புல். அப்படி வைத்தாலும் இடித்தது. புல்லே ஒரு களைதானே? களைக்குள் களை முளைத்ததென்று யாராவது கடல் தாண்டிப் புகார் எழுதுவார்களா?

குடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். குறுவைக்குக் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. வரிசையின் ஓரத்தில் அம்சவல்லி குனிந்து நின்றாள். இருவரும் அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு.

"அம்சா, புல்லுக்கும் களைக்கும் என்ன வித்தியாசம்?"

அம்சவல்லி நிமிராமலே கேட்டாள். "காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலியா ஒனக்கு?"

"சொல்லித் தந்ததெல்லாம் இப்பக் கொழம்பிப் போச்சு. சொல்லேன்."

"வேணும்னு வெச்சது பயிரு. வேணாம்னு வந்தது களை. அவ்வளவுதான்." சேற்றிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கிக் காட்டினாள். பார்ப்பதற்கு அச்சு அசல் நெல். "இது என்னங்கற? போன போகத்துல சிந்துன நெல்லு. நெல்லுதான், ஆனா இங்க களை. எங்க வீட்டு மாட்டுக்குக் கொல்லைல புல்லு போட்டுருக்கேன். அதுல கோரை வந்தா அதையும்தான் புடுங்கறேன். அங்க புல்லுதான் பயிரு."

மேகலா வரப்பிலேயே நின்றுவிட்டாள். புல்தான் பயிர்! அமெரிக்காவில் வீட்டு முன்னால் புல் வளர்ப்பார்கள் என்று காலண்டர் படத்தில் பார்த்திருக்கிறாள். அப்படியானால் கிராஸ் வெரி ஹை என்பது போதை இல்லை, உயரம். பயிர் வெட்டாமல் வளர்ந்துவிட்டது, அதில் களை மண்டிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை பொருந்தியது. ஒன்று மட்டும்தான் நம்பும்படியாக இல்லை. புல் வளர்ந்ததற்கு நோட்டீஸ் அனுப்புகிற ஊர்கூட உலகத்தில் இருக்குமா?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். வைரக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"நீ ஆசையில சொல்றியோன்னு தோணுது பாப்பா."

"இருக்கலாம்பா. அதனாலதான் அவர்கிட்டயே கேக்கறேங்கறேன். நானே கேக்கறேன். ஒரே ஒரு தடவ."

சாயங்காலம் ஆறரைக்கு எஸ்.டி.டி. பூத். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலை. வைரக்கண்ணு கண்ணாடிக் கதவுக்கு வெளியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மணியில் தமிழரசன் எடுத்துவிட்டான்.

"நான் மேகலா பேசறேன். பாபநாசத்துலேந்து."

"அய்யோ, சொல்லுங்க, சொல்லுங்க. எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்கு ரெண்டு தடவ நோட்டீஸ் வந்துச்சாமே, எதுக்கு?"

அந்தப் பக்கம் கூச்சச் சிரிப்பு. "அது அங்க வரைக்கும் வந்துருச்சா? வீட்டு முன்னாடி புல்லு வெட்டாம விட்டுட்டேங்க. முழங்கால் ஒசரம் வந்துருச்சு. ஒரே களை வேற. இங்க அது குத்தம். ரெண்டாவது நோட்டீஸ் வந்ததும் ஆள வெச்சு வெட்டிட்டேன்."

மேகலாவுக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. தானே போட்ட கணக்குக்குத் தானே விடை கண்டுபிடித்த சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ரெஜின் சொன்ன அர்த்தத்தையும், காலையிலிருந்து பட்ட பாட்டையும் சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டாள். அவனும் சிரிப்பான் என்று காத்திருந்தாள்.

அவன் சிரிக்கவில்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க கேட்டுட்டீங்க. சொல்லாம இருந்தா நல்லா இருக்காது." குரல் இறங்கியிருந்தது. "நோட்டீஸ் வந்தது புல்லுக்குத்தான். அது சத்தியம். ஆனா மெட்ராஸ்ல காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப, அந்த இன்னொண்ணையும் ரெண்டு தடவ இழுத்துருக்கேன். ரெண்டாவது தடவ வாந்தியெடுத்து, ஆஸ்பத்திரில படுத்தேன். அதுக்கப்புறம் தொட்டதில்ல. ஏழு வருஷமாச்சு. இது எங்க வீட்டுலயே யாருக்கும் தெரியாது."

மேகலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை ஏன் என்னிடம் சொல்கிறாய், நான்தான் உன்னைக் காப்பாற்றிவிட்டேனே! கோபம் வந்த வேகத்திலேயே வடிந்தது. அவன் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. அந்த நொடியில் அவனை அவளுக்கு முன்னைவிட அதிகமாகப் பிடித்தது. பயமாகவும் இருந்தது.

"சரி, வெச்சிடறேன்" என்றாள். பிறகு, "ஆவணில வருவீங்கல்ல?" என்றாள்.

"வரச் சொல்றீங்களா?"

"ஆமாம்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வைரக்கண்ணு துண்டைக் கையில் முறுக்கியபடி நின்றார். அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். இந்த மனுஷரிடம் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

"என்னம்மா சொன்னாரு?"

"களைதாம்பா."

"வெறும் களையா?"

"களைதான்."

வைரக்கண்ணுவின் தோள் தளர்ந்தது. இரண்டு எட்டு நடந்தவர், விவசாயியாக, திரும்பி நின்று கேட்டார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சாம்பா" என்றாள் மேகலா. "எப்பவோ எடுத்தாச்சாம்."