நைனாவுக்குப் பல் விழுந்தது

கவிஞர் ஒருவருடைய கடிதங்களைத் தொகுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதிலும் அந்தக் கவிஞர் சொந்த அப்பாவாக இருந்து, ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிவிட்டு, பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி எழுதாமல் போயிருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஸ்ரீதருக்கு எரிந்தது.

அவனுக்கு ஐந்து வயதில் அம்மா கோபித்துக்கொண்டு அவனைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனவள்தான். திருத்தணிப் பக்கம் திரும்பவே இல்லை. கவிஞர் பச்சையப்பன் பேரும் புகழுமாக இருந்து, போன வருடம் கண்ணை மூடினார். பதிப்பகத்தார் தொகுப்பு வேலையை மகன் கையில் கொடுத்தார்கள். வாசகர்களுக்கு, வாத்தியாருக்கு, ரயில் நேரத்தை மாற்றச் சொல்லி ரயில்வே அதிகாரிக்குக்கூடக் கடிதம் இருந்தது. தன் பெயருக்கு ஒரு தாளாவது கிடைக்காதா என்று அவன் தேடாத இடமில்லை.

திருத்தணியில் அத்தை ஜெயம்மா வீட்டில் கிடைத்ததுகூட 'நைனா' என்று தொடங்கும் ஒரு கடிதக் கட்டுதான். தேதி கிடையாது, முகவரி கிடையாது. நைனா என்றால் இந்தப் பக்கம் அப்பா என்று அவனுக்குத் தெரியும். அப்பாவைப் போய் 'நீ' என்று எழுதியிருக்கிறாரே என்று கொஞ்சம் இடித்தது. இந்த ஊர்ப் பேச்சே அப்படித்தான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'தந்தைக்கு' என்று தலைப்புப் போட்டு, அடிக்குறிப்பும் எழுதி, அத்தையிடம் காட்ட மலையடிவாரத்திலிருந்த அவள் வீட்டுக்கு வந்தான்.

"படி, கேக்கறேன்" என்றாள் அத்தை, கீரை ஆய்ந்தபடி.

"'நைனா, முன்பல் விழுந்துவிட்டதாமே. அழாதே. போனால் போகட்டும், வேறு முளைக்கும். படியில் இறங்கும்போது யார் கையையாவது பிடித்துக்கொள்.'" அடிக்குறிப்பையும் பெருமையாகப் படித்தான். "'முதுமையில் பல்லை இழந்த தந்தையைத் தேற்றும் கவிஞரின் நகைச்சுவை.'"

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்தத் தந்தைடா? எங்க நைனா சாவற வரைக்கும் திருவாலங்காட்டுக் கரும்பக் கடிச்சிகினு இருந்தாரு."

"அப்போ இது யாருக்கு?"

"உனக்குத்தான். பெத்த பையனயும் நைனான்னு கொஞ்சறதுதானே இங்க. உனக்குப் பல்லு வுழுந்துச்சி, ஜொரம் வந்துச்சின்னு உங்கம்மா எனக்கு எழுதும். நான் அண்ணங்கிட்ட சொல்லுவேன். அது ஒடனே குந்திகினு எழுதும். அனுப்பினா உங்க திருநெல்வேலித் தாத்தா கிழிச்சிடுவாருன்னு என்கிட்டயே குடுத்து வைக்கும்." அத்தையின் சிரிப்பு நின்றுபோயிற்று. "நீ கடுதாசிக் கட்ட எடுத்துகினு போனப்போ, தெரிஞ்சிதான் எடுத்துகினு போறேன்னு நெனைச்சேன் நைனா."

ஐம்பதைத் தொட்ட ஆள், அத்தை முன்னால் விக்கி விக்கி அழுதான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

போன் அடித்தது. பதிப்பகத்திலிருந்து மோனிஷா.

"சார், 'தந்தைக்கு' பகுதி சரிபாத்தாச்சா? இன்னைக்கு அச்சுக்குப் போகணும்."

"அது எனக்கு எழுதின கடுதாசிம்மா" என்றான் ஸ்ரீதர். "இன்னும் படிக்கலை. படிச்சிட்டுச் சொல்றேன்."