இரண்டு ஆள் உயரம்

ராணுவக் கணக்கு இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே விஸ்வேஸ்வரன் விவசாயி ஆகிவிட்டார். சரியாகச் சொல்லப்போனால், நிலம் வாங்குவதற்கு முன்பே ஆகிவிட்டார். மகாராஷ்டிரத்தில் விவசாய நிலம் வாங்க வேண்டுமென்றால், வாங்குகிறவர் ஏற்கெனவே விவசாயியாக இருந்தாக வேண்டும். பாபநாசம் பக்கம் அவருடைய தாத்தா விட்டுப்போன ஒரு துண்டு நிலத்தில் அவருக்கும் பாத்தியதை இருந்தது. அவர் பங்கில் ஒரு மாட்டை நிறுத்தினால் வால் அடுத்த பங்காளியின் வயலுக்குப் போய்விடும். ஆனாலும் நிலம் நிலம்தானே. அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கிவந்து புனே ஆபீஸில் நீட்டினார். அதுவரை ஃபைலைத் தவிர வேறெதையும் உழாத மனிதர், ஒரு ரப்பர் ஸ்டாம்பில் குடியானவர் ஆனார்.

புனேக்கு வெளியே, ரஞ்சன்காவைத் தாண்டி உள்ளே போனால் அவர் வாங்கிய இடம். விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் சொத்துப் பிரித்தபோது சண்டையே போடாமல் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த ஒரே பகுதி அதுதான். ரயில்வே பிளாட்பாரம் மாதிரி நீளம், அதே அகலம். அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஹைடென்ஷன் கம்பிகள். கம்பிக்கு அளவெடுத்துத் தைத்த நிலம் போல இருந்தது.

“தலைக்கு மேலேயே கரண்ட் ஓடுது சாஹேப். பம்ப் போடறதுக்கு யோசனையே வேண்டாம்” என்று மூத்தவர் மராத்தியில் சொன்னார்.

பட்டாளத்துக்கு வாங்கிய பூட்ஸிலும் போர்வையிலும் ஆயுள் முழுவதும் குற்றம் கண்டுபிடித்த விஸ்வேஸ்வரன், மேலே பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். கிராஜுவிட்டி நிலமாயிற்று.

பம்புக்கு இணைப்பு வர இரண்டு வருஷம் பிடித்தது. அதுவும் அந்தக் கம்பியிலிருந்து வரவில்லை, ஊருக்குள்ளிருக்கும் ஒரு கிழட்டு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தது. பாதி நாள் லோட் ஷெட்டிங். ஊர்த் தொழிற்சாலைக்கெல்லாம் வேண்டிய மின்சாரம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு ஓட, கீழே அவருடைய மோட்டார் செத்த எலி மாதிரி கிடக்கும்.

“என்னன்னா இது, எண்ணெயில அப்பளம் போட்டா மாதிரி சத்தம்?” என்று முதல் தடவை வந்தபோது அவர் மனைவி பாலாம்பாள் கேட்டாள்.

“அதெல்லாம் பவர். உனக்குப் புரியாது.”

“நமக்கு உண்டோ?”

“நமக்கு இல்லை.”

இதனாலெல்லாம் விஸ்வேஸ்வரனின் உற்சாகம் குறையவில்லை. லெட்டர்பேடில் ‘பி.காம்.’ என்பதற்குப் பக்கத்தில் ‘விவசாயி’ என்று அச்சடித்தார். புனேயில் கோர்படிப் பக்கத்துத் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில், மண்ணுக்குத் திரும்புங்கள் என்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களில் பாதிப்பேர் சாப்பாட்டு ஹாலுக்குத் திரும்பினார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கும்போது கைக்குட்டையால் ஷூவிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

என்ன பயிரிடுவது என்பதில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. கம்பிக்குக் கீழே எல்லோரும் வெங்காயம் போட்டார்கள், கம்பு போட்டார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய காசிமும் வெங்காயம் என்றான். யோசித்துச் சொல்லவில்லை. அவனுக்கு வேறு பயிர் எதுவும் தெரியாது.

“வெங்காயமா!” என்றார் விஸ்வேஸ்வரன். “சம்பந்திக்கு வெங்காயமா அனுப்பறது?”

விஷயம் அங்கேதான் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்து சம்பந்தி ஸ்ரீநிவாசனுக்குக் கும்பகோணத்துப் பக்கம் தென்னந்தோப்பு. புனேக்கு வரும்போதெல்லாம் ஒரு மூட்டைத் தேங்காயை ஹாலில் இறக்கி வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “பாவம், நீங்க இங்க கடையில தட்டித் தட்டிப் பார்த்து வாங்கணும். அதுலயும் பாதி அழுகல்” என்பார். அந்தத் தேங்காயில் அரைத்த சட்டினி விஸ்வேஸ்வரனுக்குத் தொண்டையில் இறங்காது. தன் நிலத்தில், தன் மரத்தில் காய்த்த ஒரே ஒரு தேங்காயை, மட்டைகூட உரிக்காமல், சம்பந்தியின் கையில் கொடுக்க வேண்டும். விஸ்வேஸ்வரன் விவசாயி ஆனதற்கு வேறு நோக்கமே கிடையாது.

கன்று வேண்டுமென்று சம்பந்தியிடமேதான் கேட்க வேண்டியிருந்தது. ஸ்ரீநிவாசன் பெருந்தன்மையாக ஒரு டஜன் கொடுத்தார். “குட்டை ரகம். உங்க ஊர் தண்ணிக்கு இது போதும்.”

மதராஸிலிருந்து வந்த ரயிலில் கன்றுகள் கீழ் பெர்த்தில் படுத்துக்கொண்டு வந்தன. பாலாம்பாள் உட்கார்ந்துகொண்டு வந்தாள்.

முதல் மூன்று வருஷம் அவை வளரவில்லை. ஞாயிறுதோறும் விஸ்வேஸ்வரன் ஹடப்சரில் எஸ்.டி. பஸ் பிடித்து, குடையோடு போய் இறங்கி, ஒவ்வொரு கன்றின் முன்னாலும் சிறிது நேரம் நிற்பார். கம்பிக்குக் கீழே விரித்த குடையின் இரும்புப் பாகத்தில் விரல் பட்டால் எறும்பு கடித்த மாதிரி சுரீர் என்னும். முள்வேலியைத் தொட்டாலும் அப்படியே. கூட வருகிறவர்களிடம், “மண்ணோட சக்தி ஸார். வேற எங்கயும் இப்படிப் பார்க்க முடியாது” என்பார்.

காசிமிடம், “தண்ணி விட்டியா?” என்று கேட்பார்.

“ஹோ ஜாயேகா, சாப்” என்பான் அவன். ஆகிவிடும் என்று அர்த்தம். எப்போது ஆகும் என்பதற்கு அதில் அர்த்தம் கிடையாது.

நாலாவது வருஷம் வேர் எங்கேயோ ஈரத்தைப் பிடித்துவிட்டது. கன்றுகள் கிளம்பின. அந்த வருஷக் கோடையில் கிறிஸ்டோபரும் வந்து சேர்ந்தான்.

கம்பிப் பாதையில் மரம் வெட்டும் காண்டிராக்ட்காரனிடம் மேஸ்திரி அவன். கையில் ஒரு மூங்கில் கழி. அதில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு, இரண்டு ஆள் உயரத்துக்கு. கழியை ஒரு தென்னையின் பக்கத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்த்தவன், “அரே பாப்ரே, இங்க எவன்டா தென்னை வெச்சான்?” என்று தமிழில் சொன்னான்.

விஸ்வேஸ்வரனுக்குக் காது குளிர்ந்தது. “நீங்க தமிழா?”

“கோர்படி சார். ரயில்வே காலனி. தாத்தா காலத்துல வேலூர்லேர்ந்து வந்தது.”

“நம்மவா!” என்று பாலாம்பாளைப் பார்த்துச் சொன்னார் விஸ்வேஸ்வரன். அவரும் கோர்படியில் கால் நூற்றாண்டு இருந்தவர்தான். அந்தக் காலத்தில் ரயில்வே காலனிப் பக்கம் நம்மவர் யாரும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. பாலாம்பாள் தயிர்சாதத்தையும் மாவடுவையும் எடுத்து வைத்தாள். கிறிஸ்டோபர் சம்மணம் போட்டுச் சாப்பிட்டான்.

“அம்மா, மாவடு டாப்பு” என்றான். பிறகு கை கழுவிவிட்டு வந்தான். “சார், இந்தக் கோட்டுக்கு மேல எது போனாலும் வெட்டணும். ரூல். இப்ப தேவலை. அடுத்த வருசம் கஷ்டம்.”

“இது குட்டை ரகம்ப்பா.”

“அதுக்கு அது தெரியணும் சார்.”

“அப்படியே வளர்ந்தாலும், மேல மட்டும் கொஞ்சம் வெட்டிவிட்டுட்டுப் போயேன். வேப்பமரத்துக்கெல்லாம் பண்றேளே?”

“வேம்புக்குக் கிளை இருக்கு, கழிக்கறேன். தென்னைக்குத் தலை ஒண்ணுதானே சார்? அத எடுத்தா அப்புறம் அது தூணு.”

விஸ்வேஸ்வரன் சம்பந்திக்கு டெலிபோன் செய்தார். “குட்டைன்னு சொன்னேளே?”

“நெட்டையாப் போறதா? பேஷ், மண் வளம் அப்படி!” என்றார் ஸ்ரீநிவாசன். “காய்ச்சா சொல்லுங்கோ. தோப்பைப் பார்க்க வரேன்.”

அன்றுமுதல் உலகத்தில் எந்த விவசாயியும் பண்ணாத பிரார்த்தனையை விஸ்வேஸ்வரன் பண்ண ஆரம்பித்தார். பகவானே, பயிர் வளரக் கூடாது. எருவை நிறுத்தினார். காசிமைக் கூப்பிட்டு இனிமேல் தண்ணீர் விடாதே என்றார். மூன்று வருஷம் சொல்லியும் தண்ணீர் விடாதவனுக்கு இது ஏதோ கண்டிப்பு என்று பட்டுவிட்டது. பயந்துபோய், கரண்ட் வந்தபோதெல்லாம் பாய்ச்சினான்.

மின் இலாகா ஆபீஸுக்குப் போனார். அங்கிருந்த இளம் எஞ்சினீயர் மரியாதையாக நாற்காலி காட்டினான். தான் இன்ன பதவியில் இருந்தவன் என்று விஸ்வேஸ்வரன் ஆரம்பித்தார். அவன் முடியும்வரை கேட்டுக்கொண்டான். கம்பியைத் தாங்கும் கோபுரத்தைக் கொஞ்சம் உயர்த்தலாமே என்று அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டான்.

“வெங்காயம் போடலாமே, அங்கிள்?” என்றான் கடைசியில்.

அடுத்த கோடைக்கு முன் கயிறு வாங்கினார். மட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து, முளையடித்துக் கட்டி, போதாததற்குச் செங்கல்லும் தொங்கவிட்டார். பன்னிரண்டு தென்னைகளும் பெரிய அதிகாரி உள்ளே நுழைந்த மாதிரி குனிந்து நின்றன. சர்வீஸ் காலம் முழுவதும் அவருக்கு யாரும் அப்படிக் குனிந்ததில்லை. கிறிஸ்டோபர் வந்து பார்த்து, தலையைச் சொறிந்தான். கழியை நிறுத்தினான். குனிந்த மட்டைகள் கோட்டுக்குள் இருந்தன.

“இன்னா சார் இது, சர்க்கஸா?” என்றான். சாப்பிட்டுவிட்டு, இந்த வருஷம் விட்டுவிடுவதாகச் சொல்லிப் போனான்.

ஆனால் நடுவிலிருந்து கிளம்பும் புது ஓலை கயிற்றுக்கும் செங்கல்லுக்கும் அடங்கவில்லை. அந்த வருஷம் ரஞ்சன்காவில் புதுத் தொழிற்சாலைகள் ஓட ஆரம்பித்தன. கம்பியில் மின்சாரம் கூடியது, கூடக்கூடக் கம்பி சூடேறித் தொய்ந்தது. மரம் மேலே போயிற்று, கம்பி கீழே வந்தது. நடுவில் இருந்த ஆகாயத்தை ஞாயிறுதோறும் விஸ்வேஸ்வரன் குடைக்கம்பியால் அளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கிணற்றோரத்துத் தென்னை பாளை விட்டது.

அவர் ஓடவில்லை. ஓடும் வயதில்லை. பஸ் நிறுத்தத்துக்கு விரைவாக நடந்து, அங்கிருந்த பி.ஸி.ஓ.விலிருந்து கும்பகோணத்துக்குப் போட்டார். “பாளை விட்டாச்சு! குரும்பைகூடப் பிடிச்சிருக்கு!”

“அடடே!” என்றார் ஸ்ரீநிவாசன். குரலில் ஒரு சின்ன அடி விழுந்தது விஸ்வேஸ்வரனுக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்காகத்தான் இத்தனை வருஷமும். “பேரன் லீவுக்கு வரும்போது நானும் வரேன். தோப்பைப் பார்த்துடலாம்.”

ஸ்ரீநிவாசன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை கிறிஸ்டோபர் ஆட்களோடு வந்துவிட்டான். தகவல் தெரிந்து விஸ்வேஸ்வரனும் பாலாம்பாளும் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மரங்கள் விழுந்து கிடந்தன. கிணற்றோரத்து மரத்தை மட்டும் விட்டு வைத்து, ஆட்கள் நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க வரட்டும்னு நிறுத்தினேன் சார்” என்றான் கிறிஸ்டோபர்.

“எந்த ரூல்படி வெட்டறே? செக்‌ஷன் சொல்லு.”

“செக்‌ஷன்லாம் எனக்குத் தெரியாது சார். போன வாரம் பக்கத்துல ஒரு சீமைக்கருவேலம் கம்பிகிட்ட போச்சு, தொடக்கூட இல்ல, பட்டுனு கரண்ட் பாஞ்சுது. கம்பெனி பூரா பந்த். மேல இருக்கறவன் ஒவ்வொருத்தனா கீழ இருக்கறவன அடிச்சுக்கிட்டே வந்து எங்கிட்ட நிக்கறான். எனக்குக் கீழ இந்த மரம்தான் இருக்கு.”

“காய் பிடிச்சிருக்கு, பாரு. ஒரு வருஷம் குடு. முத்தினதும் நானே வெட்டித் தரேன்.”

“ஒரு வருசமா? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பணும்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது விடேம்ப்பா” என்றாள் பாலாம்பாள். “சம்பந்தி வரார். பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ.”

கிறிஸ்டோபர் தரையைப் பார்த்தான். “அம்மா, உங்க கையால சாப்பிட்டிருக்கேன். லீவு போட்டுடலாம்னுதான் பார்த்தேன். நான் வரலன்னா நகர்லேர்ந்து வேற மேஸ்திரி வருவான். அவன் உங்க வேலியையும் சேர்த்துப் புடுங்கிட்டுப் போவான்.”

விஸ்வேஸ்வரன் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றார். “என்னை வெட்டிட்டு மரத்தை வெட்டு.”

ஆட்கள் பீடியை அணைக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். மத்தியான வெயிலில் கம்பி தாழ்ந்து தொங்கியது. ஒரு காற்று அடித்தது. உச்சி ஓலை ஆடிற்று. மேலே சடசடவென்று ஒரு சத்தம், அப்பளமெல்லாம் இல்லை, யாரோ புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி. மரத்தைக் காப்பாற்ற வந்தவர் துள்ளி நகர்ந்து, பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

“கயிறு கட்டி அந்தாண்ட சாய்ங்கடா” என்றான் கிறிஸ்டோபர்.

மரம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பாளை கீழே சிதறி, குரும்பைகள் கொட்டைப்பாக்குப் போல உருண்டன. பாலாம்பாள் இரண்டு பொறுக்கினாள். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கீழே போட்டாள். காசிம் ஓலைகளை இழுத்துத் தனியாக அடுக்க ஆரம்பித்தான். அவன் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து அவர்கள் பார்த்ததில்லை.

கிறிஸ்டோபர் கொண்டைப் பக்கம் உட்கார்ந்து, அரிவாளால் மட்டைகளை உரித்து உரித்து எடுத்தான். உள்ளே குழந்தையின் முழங்கை மாதிரி வெள்ளையாகக் குருத்து. ஒரு துண்டு சீவி, தன் சட்டையில் துடைத்து, விஸ்வேஸ்வரனிடம் நீட்டினான்.

“சாப்பிடுங்க சார். மரத்த வெட்டினாத்தான் இது கிடைக்கும். கடையில கிடைக்காது.”

அவர் வாங்கக் கூடாது என்றுதான் இருந்தார். கை வாங்கிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வெட்டின மரத்தின் தூரில் உட்கார்ந்து, மெதுவாகக் கடித்தார். தித்திப்பாக, தண்ணீராக, மொறுமொறுவென்று இருந்தது. மேலே கம்பி நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது. அதற்கும் பூமிக்கும் நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை.

“எப்படின்னா இருக்கு?” என்று பாலாம்பாள் மெல்லக் கேட்டாள்.

விஸ்வேஸ்வரன் வெகுநேரம் மென்றார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமான்னு அவன்கிட்ட கேளு” என்றார்.

தாங்காது, சாயங்காலமே கறுத்துவிடும் என்றான் கிறிஸ்டோபர். அவர் இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.