முதல் நட்சத்திரத்துக்குள்

டாஃபின் ஊர் உக்ரைன்காரர் வீடுகளில் ஜனவரி ஆறாம் தேதி, அவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் விருந்து மேசையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஹால்யாவுக்கு அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அடுத்த போர்ஷனிலிருந்து வந்தது. அது அவள் தம்பி ஓரெஸ்டின் வீடு. அப்பாவின் நிலத்தை இவளைக் கேட்காமல் விற்றானே, அன்றிலிருந்து நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் பானை பொங்கி வழிந்திருந்தது. அடியில் நெருப்பைக் காணோம். போன வருஷக் காய்ச்சலோடு மோப்பம் போய்விட்ட ஓரெஸ்ட், ரொட்டியில் மெழுகுவத்தியைச் செருகிவிட்டு, கையில் தீப்பெட்டியோடு எதிர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து நின்றான்.

ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் ஹால்யா. அணைந்த அடுப்பிலிருந்து கசியும் எரிவாயுவும் காற்றும் அந்த அறையில் ஓயாமல் முட்டிக்கொள்கின்றன. முட்டிவிட்டுச் சும்மா விலகிப் போகின்றன. பற்றிக்கொள்ள வேண்டுமானால் ஓர் ஆற்றல் மேடு ஏறியாக வேண்டும். ஏற்றிவிட ஒரு தீக்குச்சி போதும். முதலில் ஏறியவை கக்கும் சூடு மிச்சத்தையெல்லாம் ஏற்றிவிடும். வீடே போய்விடும்.

அழைப்பு மணியிலும் பொறி பறக்கலாம், கம்பளி உரசினாலும் பறக்கலாம். கோட்டைக் கழற்றிப் பனியில் எறிந்துவிட்டு, பருத்திச் சட்டையோடு கதவைத் தள்ளி, வாயு வெளியேறட்டும் என்று திறந்தபடியே விட்டு உள்ளே போனாள்.

ஓரெஸ்டின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாக்கா? உனக்குத் தட்டு வச்சிருக்கேன் பாரு. வருஷா வருஷம் வைக்கிறேன்."

ஏத்தாதே என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அக்கா வேண்டாம் என்றால் அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான், சின்ன வயதிலிருந்தே அப்படி.

"நட்சத்திரம் பாத்தியாடா?"

"இன்னும் காணோம்."

"இங்கேருந்து எப்படித் தெரியும், எருமை. வெளிய வந்து பாக்கணும். அந்தப் பெட்டியக் குடு, மூத்தவ நான் இருக்கேன்ல ஏத்துறதுக்கு."

சிரித்துக்கொண்டே கொடுத்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் எதிர்வரிசை வீடு வரைக்கும் விடவில்லை. அங்கே போய்த்தான் விஷயத்தைச் சொன்னாள். அந்த வீட்டுக்காரர் எரிவாயு ஆபீசுக்குப் போன் போட உள்ளே ஓடினார்.

உயிர் தப்பியது ஓரெஸ்டுக்குப் பெரிதாகப் படவில்லை. "அப்ப நீ சாப்பிட வரலயா?"

"இல்லடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நெலத்தப் பத்தி எனக்கு இன்னும் கோவந்தான்," என்றாள் ஹால்யா. "நீ செத்துப் போயிட்டா நான் யார்மேலடா கோவப்படுறது?" சொல்லிவிட்டு, தெருவென்றும் பார்க்காமல் அழுதாள்.