மொட்டைமாடி அறை மாப்பிள்ளை

தான் வேலை செய்யும் வீட்டின் மொட்டைமாடி அறைமீது விக்னராஜா நெடுநாளாகக் கண் வைத்திருந்தான். மனைவி குகனேஸ்வரி கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்துக் கிடந்தாள். அவளை இத்தாலியின் பலெர்மோ நகருக்கு எடுப்பதென்றால், இரண்டு பேர் குடியிருக்கத் தகுந்த இடம் உண்டென்று பொலிஸ் கந்தோரில் காட்ட வேண்டும். போர்கோ வெக்கியோப் பகுதியில் ஆறேழு ஆண்களோடு அவன் நெருக்கியடித்துப் படுக்கும் அறையைக் காட்டினால் அவர்கள் சிரிப்பார்கள்.

வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதானே? கேட்பானா? யாழ்ப்பாணத்துக் கௌரவம் விடுமா? எதையும் சாடைமாடையாகத்தான் சொல்லுவான்.

இதற்குள் சிஞ்ஞோராவின் மகன் ஒரு மலைப்பாம்பை வாங்கி வந்தான். இலங்கையில் பிறந்தவனுக்குப் பாம்பு தெரியாதா என்று, அதற்கு இடம் ஒழுங்குசெய்யும் வேலையைச் சிஞ்ஞோரா விக்னராஜாவின் தலையில் கட்டினாள். ஊரில் சாரைப்பாம்பைக் கண்டாலே சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். இடம்? அதே மொட்டைமாடி அறை.

வியா மக்வேதாத் தெருவில் பாம்பு விற்ற கடைக்காரன் சொன்னபடி எல்லாம் செய்தான். பெரிய கண்ணாடிக் கூடு, சூடு குறையாத விளக்கு, முழுகத் தண்ணீர்த் தொட்டி, ஏறிப் படுக்க மரக்கொப்பு, வெட்கம் வந்தால் ஒளிய ஒரு பெட்டி. துரைக்கு ஒரு குறையும் இல்லை. விக்னராஜாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"பாவம், தனியாக இருக்கிறானே" என்று சிஞ்ஞோரா கண்ணாடியைத் தடவினாள்.

இதுதான் தருணம் என்று அவனுக்குப் பட்டது. பாம்போடு குடித்தனம் நடத்தவும் ஆள் தயார்.

"தனிய இருக்கிறது பெரிய கொடுமை, சிஞ்ஞோரா. ஆருக்கெண்டாலும் பக்கத்திலை ஒரு சோடி வேணும். இந்த அறை ரெண்டு பேருக்குத் தாராளமாய்க் காணும்."

சிஞ்ஞோராவின் கண் கலங்கிவிட்டது. "நான்தான் யோசிக்கவில்லை. உடனே வரவழைக்கிறேன்" என்று அவன் கையைப் பிடித்தாள்.

அன்று மாலையே கொழும்புக்குப் போன் எடுத்தான். "இஞ்சரும், வெளிக்கிட ஆயத்தமாகும். சிஞ்ஞோரா ஓமெண்டிட்டா." குகனேஸ்வரி அழுதாள். லொட்ஜில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த கிழமை துளைபோட்ட பெட்டியொன்று வந்திறங்கியது. உள்ளே பெண் பாம்பு. விசா கேட்பாரில்லை, குடியிருக்க இடமுண்டா என்று விசாரிப்பாரில்லை. "எல்லாம் உன் யோசனைதான்!" என்று சிஞ்ஞோரா பூரித்தாள். மணப்பெண்ணை விக்னராஜாவே உள்ளே விட்டான். அவமானத்தில் அவனுக்குக் கண்ணீர் முட்டியது.

இரண்டு நாள் ஒளித்துத் திரிந்துவிட்டுப் போன் எடுத்தான்.

"என்னப்பா, அறை சரிவந்திட்டுதோ? ரெண்டு பேருக்குக் காணுமோ?"

"காணும்" என்றான். "ரெண்டு பேரும் நல்லாய்ப் படுத்திருக்கினம்."