சாயங்கால டிக்கெட்

என் பெயர் சின்னப்பையன். வயது ஐம்பத்து மூன்று. சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் மேலே சொல்கிறேன்.

கண்ணகி நகருக்கும் தி.நகருக்கும் நடுவே, காலையும் மாலையும் கூட்ட நேரத்தில் ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஜெயராம் டிரைவர். எனக்குக் கோபம் வர இரண்டே காரணங்கள் போதும். ஒன்று, படியில் தொங்குவது. இன்னொன்று, கிளம்புகிற வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது. "அடுத்த வண்டில வா" என்று சொன்ன அளவுக்கு நான் சாமி பெயரைக்கூடச் சொன்னதில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸில் யாருக்காகவும் ஒரு நொடி நின்றதில்லை.

கண்டக்டருக்கென்று வண்டியில் ஒரு சீட்டு உண்டு. ஆனால் என் சீட்டில் எப்போதும் கைக்குழந்தையோடு ஒருத்தி இருப்பாள், இல்லாவிட்டால் பூக்கூடையோடு ஒருத்தி. எழுப்ப மனசு வராது. திட்டாமலும் இருக்க முடியாது. திட்டிக்கொண்டே நின்றபடி வருவேன்.

இந்த வண்டியில்தான் ஒருநாள் இங்கிலீஷ் ஏறியது. ரத்னாவால் வந்த வினை.

ரத்னா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷமாகச் சேலை மடிக்கிறவள். வருகிறவர்கள் நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி ஒன்றை எடுப்பார்கள். மீதி முப்பத்தொன்பதும் ரத்னாவுக்கு. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். கடைக்காரர்கள் வேலையாட்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. நாற்காலியும் வந்தது. அதில் சேலைகள் உட்கார்ந்துகொண்டன. சாயங்காலம் அவள் படியேறும்போது கெண்டைக்கால் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். "நாள் பூரா நான் உக்கார்றது உன் வண்டிலதான் நைனா" என்பாள்.

அதே கடையில் முதல் மாடியில் பட்டுப் பிரிவு. அங்கே மட்டும் பழைய வழக்கம். வெள்ளை மெத்தை விரித்திருக்கும். விற்கிறவர்கள் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையை விரித்துக் காட்டுவார்கள். அங்கே ஓர் இடம் ஆறு மாதத்தில் காலியாகும் என்று தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏறுகிற மாடி என்பதால் கொஞ்சம் இங்கிலீஷ் பேச வேண்டும், மேனேஜரே கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார் என்றார்கள். ரத்னாவுக்கு அந்த மெத்தை மேல் ஆசை வந்துவிட்டது. பதவி மேல் அல்ல, மெத்தை மேல்தான். அவளே அப்படித்தான் சொன்னாள்.

வாத்தியார், அவளுடைய பிளாக்கிலேயே குடியிருக்கும் அஃப்சருன்னிசா. இருபத்து நாலு வயசுப் பெண். கோட்டூர்புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்து, நாள் முழுக்க போனில் இங்கிலீஷ் பேசுகிற வேலை. அவள்தான் சட்டம் போட்டாள். காலையில் வேலைக்குப் போகும்போது நிகழ்காலம். சாயங்காலம் திரும்பும்போது இறந்தகாலம். காலையில் "ஐ ஃபோல்ட்" என்றால் சாயங்காலம் "ஐ ஃபோல்டட்". அதிலும் சாயங்காலத்துக்கு ஒரு கறார் இருந்தது. இன்றைக்கு நிஜமாகச் செய்ததை மட்டும்தான் சொல்லலாம். புருடா விட்டால் ஒரு நாள் பேசக்கூடாது.

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை இரண்டு தடவை கவிழ்த்த பாஷை, இப்போது டிக்கெட் இல்லாமல் என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? ஒரே மாதத்தில் பாதி வண்டி சேர்ந்துவிட்டது. நந்தனத்தில் வீட்டு வேலை செய்கிற அமீனா பீ சாயங்காலம் ஏறியதும் விரல் விட்டு எண்ணுவாள். "ஐ வாஷ்டு. ஐ ஸ்வெப்ட். ஐ ஃபாட்." வீட்டுக்கார அம்மாவோடு சண்டை போட்டது அந்தக் கடைசி. வண்டியே சிரிக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இன்றைக்கு என்ன செய்தாய் என்று இந்தப் பொம்பிளைகளை இதுவரை யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குப் போனால் சோறு ஆச்சா என்றுதான் கேட்பார்கள். நானும் என் வீட்டில் அப்படித்தான். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

என்னையும் இழுத்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் முதல் கேள்வி எனக்குத்தான். பொய் சொல்லக்கூடாதே. "ஐ ஷவுட்டட்" என்பேன். ஆறு மாதமும் எனக்கு அதே பதில்தான்.

ஒருநாள் காலையில் வண்டி கோட்டூர்புரம் ஸ்டாப்பை நெருங்கி, எதிரே பாலம் தெரிந்தபோது ரத்னா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "ஐ லிவ் ஹியர்" என்றுவிட்டாள். பாலத்துக்குக் கீழே ஆற்றோரம் அவர்கள் குடிசை இருந்த இடம். இடித்துக் கண்ணகி நகருக்கு அனுப்பிப் பல வருஷம் ஆகிறது. அஃப்சருன்னிசா மெதுவாக, "அது சாயங்காலப் பாடம்க்கா" என்றாள். சாயங்காலம் அதே பாலத்தில் ரத்னா எழுந்து நின்று, "ஐ லிவ்டு ஹியர்" என்று சரியாகச் சொன்னாள். பிறகு அமீனா பீ, "மீ டூ" என்றாள்.

ஒரே ஒரு சொல்லில்தான் தகராறு. காலையில் எல்லாரும் சேர்ந்து "ஐ சிட்" என்பார்கள். சாயங்காலம் "ஐ சாட்" என்று சொல்ல ரத்னா மட்டும் மாட்டேன் என்பாள்.

"இன்னிக்கு உக்காந்தேனா? இல்ல. அப்ப சொல்ல மாட்டேன். ரூலுன்னா ரூலு."

"இப்ப பஸ்ல உக்காந்துகினுதானே கீறீங்க?" என்பாள் அஃப்சருன்னிசா.

"அது நிகழ்காலம்" என்பாள் ரத்னா.

பேசிப் பார்க்கிற நாள் முடிவாயிற்று. வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. புதன்கிழமை காலை வண்டியில் அஃப்சருன்னிசா ஒத்திகைக்காக, நேற்று என்ன செய்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். ரத்னா வாயைத் திறந்தாள். ஐ ஃபோல்ட், ஐ டேக், ஐ கோ. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே. நாக்கு காலையில் நிகழ்காலத்துக்குப் பழகிவிட்டது. வேலைக்குப் போகிற திசையில் அவளுக்கு இறந்தகாலம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அன்று சாயங்காலம் திரும்பும்போது அதே கேள்விக்குக் குழாயைத் திறந்துவிட்டது போல் கொட்டினாள்.

வண்டியே கவலையில் மூழ்கியது. மேனேஜரிடம் சொல்லிப் பேச்சை சாயங்காலத்துக்கு மாற்றச் சொன்னாள் அமீனா பீ. நாளைக் காலை வண்டியை ரிவர்ஸில் ஓட்டட்டுமா என்று ஜெயராம் கேட்டான். ரத்னா மட்டும் சிரிக்கவில்லை. முட்டியை நீவிக்கொண்டே, "ஒம்போது வருசம் நின்னாச்சு. இன்னும் நிக்கணும்னு எழுதிக் கீது போல" என்றாள்.

எல்லாரும் கண்ணகி நகரில் இறங்கிய பிறகு, அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் அவள் டிக்கெட் கிடந்தது. பெண்களுக்குக் கொடுக்கிற காசில்லா டிக்கெட். எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை ரத்னா ஏறியதும் அதை நீட்டினேன்.

"நேத்து சாயங்காலத்து டிக்கெட்டு. தி.நகர்லேர்ந்து கண்ணகி நகர். கைல வெச்சுக்கோ. அந்தாளு கேள்வி கேட்டா இத்த அமுக்கிக்கினு கண்ண மூடு. வூட்டுக்குப் போய்க்கினு கீறேன்னு நெனச்சுக்கோ."

சொன்ன பிறகு எனக்கே கிறுக்குத்தனமாக இருந்தது. அவள் கேலி செய்யவில்லை. வாங்கி உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். அதை மடிக்கக்கூட அவள் சேலை மடிப்பது போல ஓரம் பார்த்துத்தான் மடித்தாள்.

அன்று பகல் நகரவே இல்லை. சாயங்காலம் தி.நகரில் ரத்னா ஏறினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அப்சரு ஏறட்டும் நைனா" என்றாள். நந்தனத்தில் ஏறிய அமீனா பீ கேட்டாள், கெஞ்சினாள், கடைசியில் திட்டவும் செய்தாள். அதே பதில்தான்.

கோட்டூர்புரம் வந்தது. ஸ்டாப்பில் அஃப்சருன்னிசா இல்லை.

ஏறுகிறவர்கள் ஏறி முடித்தார்கள். ஜெயராம் என் விசிலுக்குக் காத்திருந்தான். விசில் என் வாயில்தான் இருந்தது. வண்டி மொத்தமும் என்னைப் பார்த்தது. பின்னால் நின்ற ஆட்டோக்கள் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டின. நான் ஊதவில்லை. ஜெயராம் திரும்பி, விசிலை முழுங்கிவிட்டாயா என்று கேட்டான். அப்போது தெருமுனையில் அவள் தெரிந்தாள். அறுந்த செருப்பு ஒரு கையில், துப்பட்டா இன்னொரு கையில், தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"மெதுவா வாம்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

வண்டி நகர்ந்தது. வகுப்பு தொடங்கியது. எவ்வளவு அவசரம் இருந்தாலும் முறை முறைதான், முதல் கேள்வி எனக்கு. இந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக வேறு பதில் சொன்னேன்.

"ஐ வெயிட்டட்."

கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ரத்னா ஆரம்பித்தாள். இங்கிலீஷிலேயே சொன்னாள், தடுக்கின இடத்தில் தமிழைப் போட்டு நிரவினாள். மேனேஜர், நேற்று என்னென்ன வேலை செய்தாய் என்று கேட்டாராம். வாய் நிகழ்காலத்துக்கே ஓடியதாம். டிக்கெட்டை அமுக்கிக் கண்ணை மூடினாளாம். தி.நகர் பஸ் ஸ்டாண்டின் வேர்க்கடலை வாசனை வந்தது, ஜெயராமின் ஹாரன் கேட்டது, நான் யாரையோ திட்டுவது கேட்டது. அதற்குப் பிறகு தடையே இல்லை. எழுந்தது, தண்ணீர் பிடித்தது, இருநூற்று எட்டுச் சேலை மடித்தது, பாலத்தைக் கடந்தது வரைக்கும் சொல்லிவிட்டாள். மேனேஜர் எங்கே படித்தாய் என்று கேட்டிருக்கிறார். "பஸ்" என்றிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, இன்றைக்கே மாடிக்குப் போ என்றாராம்.

அங்கே நிறுத்தினாள். கையை விரித்தாள். டிக்கெட் வியர்வையில் ஊறிக் கூழாகியிருந்தது. எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுத்த சொல் என்ன என்று வண்டிக்கே தெரியும். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"டுடே, ஆஃப்டர்நூன்," என்றாள், "ஐ சாட்."

அஃப்சருன்னிசா செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அமீனா பீ என்னை அடித்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் மகள் பிறந்தபோதுதான் இப்படி இருந்தது.

ரத்னா மறுபடி உட்காரவில்லை. என் கையைப் பிடித்துத் தன் இடத்துக்கு இழுத்தாள்.

"நான் இன்னிக்கு நெறைய உக்காந்துட்டேன். நீ உக்காரு நைனா."

டூட்டியில் இருக்கிறேன், செக்கிங் வருவார்கள், அது இது என்றேன். முப்பது பேர் முறைத்தார்கள். உட்கார்ந்தேன். ஜன்னல் காற்று நன்றாக இருந்தது. கால் இரண்டும் யாருடையதோ போல லேசாகிவிட்டன.

மத்திய கைலாஷில் இறங்க வேண்டிய ஒருவர், ஸ்டாப் தாண்டிப் போகிறதே, விசில் அடிக்க மாட்டீர்களா என்று பின்னாலிருந்து கத்தினார்.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோ" என்றேன், உட்கார்ந்தபடியே.