அப்பாவுக்கு இரண்டாவது கோட்

வெள்ளிக்கிழமை புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சுவதாக இருந்ததால், வீட்டுக்காரர் பக்தவத்சலம் என் அப்பாவுக்கும் சேர்த்து வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தார்.

சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அப்பாவை மட்டும் ஏற்ற முடியவில்லை. அவர் சாகக் கிடந்தார். இத்தனை வருஷம் படுத்து எழுந்த பின்னறையிலேயே உயிர் போக வேண்டும் என்று விரும்பினார்.

"வேற எங்கயும் தூக்கிட்டுப் போயிடாதடா" என்றார்.

வாடகை வீட்டில் சாகக் கூடாது. குடிவந்த அன்றே பக்தவத்சலம் சொல்லியிருந்தார். அப்போது அப்பா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது கஷ்டமான நிபந்தனையாகப் படவில்லை.

"சாவு விழுந்த வீடுன்னா நல்ல குடும்பம் வராது" என்றார் பக்தவத்சலம் இப்போது. "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. உயிரோட எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டும். சுவரோட சுவரா இருந்துட்டுப் போகட்டும். செத்துட்டாருன்னா மட்டும் சுரண்டி எடுத்துடுவேன்."

நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

பெயின்டர் தேசிங்கு அப்பாவை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தார். கன்னத்துப் பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

"பெருசு, மூஞ்சியச் சுளிக்காத. விரிசல் வுட்டுரும்."

"பிரஷ் குத்துதுப்பா."

"ஃபர்ஸ்ட் கோட் அப்படித்தான். ரெண்டாவது கோட்ல ஒண்ணுமே தெரியாது பாரு."

தெரியவில்லை. மதியத்துக்குள் அப்பா சமமாகிவிட்டார். மூச்சு விடும்போது மட்டும் சுவர் லேசாக முன்னால் வந்து போயிற்று.

வெள்ளை ஏற ஏற வீடு நீண்டுகொண்டே போனது. காலி வீடு அப்படித்தான் இருக்கும் என்றார் தேசிங்கு. தெருக்கதவிலிருந்து பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பசித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். கணவனும் மனைவியும். கணவர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். மனைவி மைதிலி சுவர்களைத் தட்டிப் பார்த்தார். அப்பாவையும் தட்டினார்.

"இது ஏன் சூடா இருக்கு?"

"மேற்கு வெயில்" என்றார் பக்தவத்சலம்.

"காலைலயா?"

"நேத்து வெயில்."

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதே."

"மோட்டார்."

மைதிலி குரலைத் தாழ்த்தினார். "இந்த வீட்டில யாரும் தவறிப்போகலையே?"

"இவரையே கேளுங்க. இவர்தான் இத்தனை வருஷம் இருந்தவர்."

"இதுவரைக்கும் இல்லை" என்றேன்.

"இவர் இன்னும் காலி பண்ணலையா?" என்று கணவர் கேட்டார்.

"பண்ணிட்டார்" என்றார் பக்தவத்சலம், என் தோளில் கை வைத்தபடி.

பால் பொங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். சர்க்கரை போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். பேப்பர் கப் தீர்ந்துபோயிருந்ததால் எனக்கு எவர்சில்வர் டம்ளர்.

நான் குடிக்கவில்லை. சாகிறவர் வாயில் பிள்ளை பால் விட வேண்டும். எங்கள் அடுப்பு வண்டியில் போய்விட்டது. அந்த வீட்டில் இருந்த பால் இதுதான். பின்னறைக்கு நடந்தேன். போய்ச் சேர்வதற்குள் பாலில் ஆடை படிந்துவிட்டது.

சுவர் விட்டு விட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தேசிங்கு ஓரத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாய் எங்கே?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தெரியல சார். ஃபினிஷிங் அப்படி வந்திருக்கு."

ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, உத்தேசமாக ஓரிடத்தில் ஊற்றினேன். வெள்ளையில் வெள்ளை. வழிந்ததா, உள்ளே போனதா, சொல்ல முடியவில்லை. சற்றுக் கீழே சிறிய மேடு ஒன்று ஏறியது. இறங்கியது. அதன் பிறகு சுவர் சும்மா இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். சூடு போய்க்கொண்டிருந்தது.

பக்தவத்சலம் வாசலில் நின்றார். கையில் பட்டித் தகடு இருந்தது.

"போயிட்டாரா?"

"இல்லை."

"கண்ணு கலங்கியிருக்கு?"

"பெயின்ட் வாசனை."

அவர் சுவரில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்பா இருமுவதைப் போலவே இருமினேன். முதலில் வறட்டு இருமல், பிறகு சளி.

"இருமறார்" என்றார் பக்தவத்சலம். தகட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "உங்கப்பாவுக்குக் கெட்டி ஆயுசு சார்."

"ஆமா" என்றேன்.

"டம்ளரைக் கழுவிக் கொடுத்துடுங்க" என்று மைதிலி சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

போனேன். குழாயைத் திறக்கலாமா என்று கேட்டேன். இந்த ஒரு தடவை திறக்கலாம் என்றார். தண்ணீர் நன்றாக வந்தது. எங்களுக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லை. டம்ளரைக் கழுவினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டேன். குளித்ததாக ஆயிற்று.